கடற்கரையில் இருந்த ஒரே ஒட்டகம்

பெயரை எங்கும் சொல்லமாட்டேன் என்று ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன். காப்பாற்றிக்கொண்டே அவருடைய பிழைப்பைக் கெடுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கான வயது எனக்குக் கடந்துவிட்டது.

நினைக்கும்போது முதலில் வருவது அந்த ஒட்டகத்தின் முகம்தான். அரைக்கண் மூடி, உதட்டைச் சற்றே கோணலாக வைத்துக்கொண்டு, கீழே நிற்பவர்கள் எல்லோரும் தன்னிடம் மனு கொடுக்க வந்தவர்கள் என்பதுபோல் பார்க்கும். அதனால்தான் அதன் சொந்தக்காரர் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். திருவனந்தபுரத்தின் கடற்கரைகளில் ஒன்றில் மாலை நேரங்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடப்பது துரையின் வேலை. எந்தக் கடற்கரை என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நாங்கள் போனது காலையில். கரைவலை இழுப்பவர்கள் வேலையை முடித்துக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மணலில் உட்கார்ந்திருந்த துரைக்கு ஒட்டகக்காரர் பலாவிலைக் கொத்து ஒன்றை ஊட்டிக்கொண்டிருந்தார். தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். இளமையில் வளைகுடாவில் ஒட்டகப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவர். திரும்பி வந்தபின் வேறு எந்தத் தொழிலும் கைக்குப் பிடிபடாமல், ராஜஸ்தான் வியாபாரி ஒருவர் மூலம் இந்த ஒட்டகத்தை வாங்கி இங்கே கொண்டுவந்திருந்தார். குள்ளமான, தாடி வைத்த, ஓயாமல் பேசுகிற மனிதர். நெல்லைத் தமிழும் கடலோர மலையாளமும் அவர் வாயில் ஒன்றோடொன்று கலந்து வரும்.

நான் அப்போது அரசு ஆய்வகம் ஒன்றில் வைரஸ் பிரிவின் தலைவன். கொரோனா ஊரை முடக்கிப்போட்டு ஓய்ந்திருந்த காலம். மனிதரோடு நெருங்கி வாழும் விலங்குகளிடம் என்னென்ன கொரோனா வைரஸ்கள் இருக்கின்றன என்று பார்க்கும் திட்டம் ஒன்று எங்களிடம் வந்திருந்தது. மாடு, ஆடு, குதிரை, வௌவால் எல்லாம் பட்டியலில் இருந்தன. ஒட்டகத்தைச் சேர்த்தவன் நான். மெர்ஸ் என்ற கொடிய சுவாச நோய் வளைகுடா நாடுகளில் ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதை உலகம் அறியும். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் இந்த மாநிலத்தில் ஒட்டகத்தைப் பார்க்காமல் விடக்கூடாது என்று கூட்டத்தில் வாதாடினேன். வாதம் சரியானதுதான். இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என்னோடு வந்திருந்தவர் என் உதவி ஆய்வாளர். கொல்லத்துக்காரப் பெண். தமிழை என்னிடம் பேசியே கற்றுக்கொண்டதால் அவர் தமிழில் நான் வசிக்கும் வலியசாலை அக்கிரகாரமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். நீண்ட பஞ்சுக் குச்சியை அவர் எடுத்ததும் ஒட்டகக்காரர் துரையின் கழுத்தை அணைத்துக்கொண்டு, “தொர, அசையாதல. டாக்டர் சாரு வந்திருக்காரு பாரு” என்றார்.

“நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி பண்றவன்” என்றேன்.

“ஊசி போட மாட்டீங்கள்லா சாரே? அப்பம் டாக்டரை விட மேலு.”

குச்சி மூக்குக்குள் போனதும் துரை ஒரு முறை உறுமி, மென்று வைத்திருந்ததை எல்லாம் என் சட்டைமேல் உமிழ்ந்தது. கயிறு சுருட்டியவர்கள் கைதட்டினார்கள். ஒட்டகக்காரர் சிரிப்பை அடக்க முயன்று தோற்று, “சலாம் வச்சிருக்கு சாரே! எல்லாருக்கும் வைக்காது. போன தடவை வார்டு கவுன்சிலருக்குத்தான் வச்சிது” என்றார்.

மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவர் குரல் மாறியது. “சாரே, எம் பேரு எங்கயும் வராதுல்லா?” என்று கேட்டார். கொரோனாக் காலத்தில் அவர் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். “அதக் கிழிச்சு எத்தனையோ நாளாச்சு. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் எங்க வீட்டு நெய்ச்சோத்த வாங்கிட்டுப் போயி பூனைக்குத்தான் வைக்கா. நல்ல பூனை. இப்பம் அது எங்க வீட்டுலயே வந்து கெடக்கு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

“உங்க பேரு எங்கயும் வராது. நான் பொறுப்பு” என்றேன்.

கொரோனா வைரஸ்கள் என்பவை பெரிய குடும்பம். அவற்றில் பல விலங்குகளோடு நின்றுவிடும்; சில மனிதருக்குச் சளி பிடிக்கவைத்துப் போகும்; மிகச் சிலவே கொல்லும். அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரு சிறு பகுதியைத் தேடும் சோதனை எங்களிடம் இருந்தது. துரையின் மாதிரியில் அது ‘இருக்கிறது’ என்று காட்டியது. கிடைத்த துண்டு மெர்ஸ் வைரஸோடு பொருந்தவில்லை. எங்களிடம் இருந்த வேறு எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. அந்த மாலையில் ஆய்வகத்தில் நான் நின்ற நிலையை இப்போதும் உணர முடிகிறது. ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் பிறர் கண்டுபிடித்த வைரஸ்களைச் சரிபார்த்துக்கொடுத்தவன் நான். இது என்னுடையது என்று ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த சமயத்தில், உலகில் யாரும் பார்க்காத ஒன்று என் கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.

உதவி ஆய்வாளர் தயங்கினார். “சாரே, இப்ப வேண்டா. சின்னத் துண்டல்லே கையில இருக்கு. முழுசும் படிச்சிட்டில்ல. மனுஷாளுக்குப் பகருமோ, தொத்திக்குமோன்னு பாத்திட்டும் இல்ல. வெறும் ஒட்டகத்தோட ஜலதோஷமா இருந்தா நமக்கல்லே நாணக்கேடு?” என்றார்.

ஒரு விலங்கில் வைரஸைக் காண்பது ஒன்று. அது மனிதரைப் பிடிக்கும் என்று காட்டுவது முற்றிலும் வேறொன்று. மனித உயிரணுவின் கதவை அதனால் திறக்க முடிகிறதா, அந்த விலங்கோடு வாழ்பவர்களின் இரத்தத்தில் அதை எதிர்த்துப் போராடிய தடயம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தபின்தான் ஆபத்து என்ற சொல்லைத் தொடவேண்டும். இதை வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தியவன் நான். இருந்தும், வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று சொல்லி, அந்தத் துண்டை உலக மரபணுச் சேமிப்பகத்தில் பதிவு செய்யச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்டெடுத்த வைரஸ் மாதிரிக்கு எந்த விலங்கு, எந்த இடம், எந்த ஆண்டு என்பதையே கோத்துப் பெயராக வைப்போம். மனிதரின் பெயர் அதில் வராது. மிகவும் கண்ணியமான வழக்கம் என்று நினைத்திருந்தேன். கோழிகள் நிறைந்த ஊரில் அப்படிப் பெயர் வைத்தால் அது எந்தக் கோழியையும் காட்டிக்கொடுக்காது. கை பழக்கத்தில் இதற்கும் அப்படியே வைத்தேன்: ஒட்டகம், கடற்கரையின் பெயர், ஆண்டு. மாவட்டத்தின் பெயரைப் போட்டிருக்கலாம். மாநிலத்தின் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கடற்கரையில் ஒரே ஓர் ஒட்டகம்தான் இருந்தது என்பது, அதன் எச்சிலைச் சட்டையில் வாங்கிக்கொண்டு வந்த எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தகைய பதிவுகளைக் கவனிக்கிற நிருபர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மெர்ஸ் வைரஸுக்கு இது உறவா என்று கேட்டார். தூரத்து உறவு என்றேன். மனிதருக்குப் பரவுமா என்றார். “பரவாது என்று இப்போது சொல்ல முடியாது” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் கூட்டங்களில் அந்த வாக்கியத்துக்கு ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள். சந்தையில் அதற்கு ‘ஓடுங்கள்’ என்று பொருள். அந்த வேறுபாடு எனக்குத் தெரிந்தே இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் செய்தி வந்திருக்காது.

செய்தி மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. கடற்கரை ஒட்டகத்தில் புதிய கொரோனா என்று தலைப்பு. அடியில் என் படம். நான் வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே தடுத்து நிறுத்தினாள். “ஏன்னா, அப்படியே கொல்லைப்பக்கம் போய்க் குளிச்சுட்டு உள்ளே வாங்கோ. அன்னிக்கு ஒட்டகம் துப்பின சட்டையை என் துணியோடேயா போட்டேள்? நேக்குக் காலம்பரேர்ந்து தொண்டை கரகரங்கறது” என்றாள்.

நான் சிரித்தேன். “அசடே, ஒண்ணும் ஆகாது. ஒட்டகத்துக்கு வர்ற ஜலதோஷமாக்கும் அது. பயப்படாதே” என்றேன். அவள் உடனே சமாதானமடைந்து காப்பி கலக்கப் போனாள். என் மனைவிக்கு ஒரு நொடியில் கொடுத்த அந்த ஆறுதலை ஊருக்கு நான் கொடுக்கவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவசரத்தைக்கூட மன்னித்துவிடலாம்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் எனக்குத் தகவல்களாகவே வந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் கடற்கரையில் குவிந்தார்கள். ஒட்டகத்தை அதிகாரிகள் லாரியில் ஏற்றி நகருக்கு வெளியே ஒரு கொட்டிலில் கட்டினார்கள். ஒட்டகக்காரரின் குடும்பம் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அவர் பெயரை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. போடவேண்டிய தேவையே இல்லை. ‘ஒட்டகக்காரன்’ என்றால் அந்தக் கரையில் அவர் ஒருவர்தானே.

ஒரே ஒரு முறை என்னை அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “சாரே, தொரைக்கு மாட்டுத் தீவனத்த வாளி வாளியா வைக்காங்களாம். அது வெவரம் இல்லாம வைக்க வைக்கத் திங்கும். வயிறு தாங்காது. நான் போயித் தழை வெட்டிப் போடுதேன், முகத்த மூடிக்கிட்டுப் போறேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா என்ன விடுவாங்க” என்றார். பார்க்கிறேன் என்றேன். அது என் துறை இல்லை. கால்நடைத் துறைக்கு நான் சொல்வது முறையாக இருக்குமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். துரை வயிறு வீங்கிச் செத்துப்போனது. தீவனம் சேராமல் இறந்ததாகவே பரிசோதித்த மருத்துவர் எழுதினார். ஊர் வைரஸ் கொன்றது என்று சொன்னது. பார்த்தாயா, ஒட்டகத்தையே சாய்த்துவிட்டது என்று பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கத்துக் கடைவாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதை என் காதால் கேட்டேன். தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

முழு மரபணுவைப் படித்து முடித்தபோது உதவி ஆய்வாளர் என் மேசைமுன் வந்து நின்றார். கன்றுகளுக்குக் கழிச்சல் உண்டாக்கும் ஒரு பழைய வைரஸின் நெருங்கிய இனம் அது. வேறு நாடுகளில் ஒட்டகங்களில் முன்பே கண்டது. ஒட்டகக்காரர், அவர் மனைவி, மகள், மருமகன் எல்லோருடைய இரத்தத்தையும் பார்த்தாகிவிட்டது. யாரையும் அது தொட்டதற்கான தடயம் இல்லை. “புதியதும் இல்ல சாரே, நம்மள ஒண்ணும் செய்யறதும் இல்ல” என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால் எனக்கு இன்னும் கூசியது. அந்த முடிவை ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் ஒரு பத்தியாக வெளியிட்டோம். நிருபரை நான் அழைக்கவில்லை. அப்போது என் பிரிவுபசார விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சால்வை போர்த்தியவர் என்னைப் ‘புதிய வைரஸைக் கண்டறிந்தவர்’ என்று புகழ்ந்தார். நான் கைகூப்பினேன்.

ஓய்வுக்குப் பிறகுதான் வெட்கம் முழுமையாக வந்தது. வேலை இருக்கும்வரை வெட்கத்துக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. சேமிப்பகத்துக்கு எழுதி அந்தப் பெயரை மாற்றக் கேட்டேன். பதிவான பெயர் பல ஆய்வுகளில் ஏறிவிட்டது, மாற்ற இயலாது, வேண்டுமானால் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. சேர்த்தேன். அதை யாரும் படிக்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒட்டகக்காரரை மறுபடி பார்த்தது தற்செயலாக. வேறொரு கடற்கரையில், மட்டக்குதிரை ஒன்றின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிறுமியை ஏற்றி நடந்துகொண்டிருந்தார். அந்தத் தொழிலிலும் இப்போது அவர் இல்லை என்பதால் இதைச் சொல்லலாம். தாடியை எடுத்திருந்தார். நான்தான் அவரை அடையாளம் கண்டுகொள்ளத் தடுமாறினேன், அவர் தடுமாறவில்லை. சிறுமியை இறக்கிவிட்டு வந்து, “சுகந்தன்னே சாரே?” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்தது, எங்கே தவறினேன், அந்த வைரஸ் உண்மையில் எது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவர் பார்வை குதிரையின் பக்கம் போய்விட்டது. “அதையெல்லாம் விடுங்க சாரே. ஜனங்க மறந்துட்டாங்க. நான் ஒட்டகம் வச்சிருந்தவன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. அதுக்குத்தான் தாடிய எடுத்தேன். பொஞ்சாதிதான் பாவம், கட்டுன மாப்பிள்ளய மாத்திட்டாங்களோன்னு மொத நாளு பயந்துட்டா” என்றார். பிறகு சற்று நிறுத்தி, “மறந்தது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

அத்தோடு நான் நின்றிருக்கவேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் என் மனம் ஆறவில்லை. பத்திரிகையில் செய்த தவறைப் பத்திரிகையிலேயே திருத்தினால்தான் பாவம் தீரும் என்று ஒரு நியாயத்தைக் கட்டிக்கொண்டேன். மனைவி, “அவர் வேண்டாம்னுட்டாரே, பின்னே யாருக்காக்கும் இது?” என்று கேட்டாள். உண்மைக்கு என்றேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘எனக்கு’ என்பது.

நிருபர்கள் நாலைந்து பேரை வரவழைத்தேன். அந்த வைரஸ் புதியதல்ல, மனிதரைத் தொற்றியதற்கு எந்தத் தடயமும் இல்லை, அந்த ஒட்டகம் அதனால் சாகவில்லை, அவசரப்பட்டுப் பேசியது என் குற்றம் என்று எழுதி வைத்துப் படித்தேன். அப்படியே முடித்திருக்கலாம். ஓர் இளம் நிருபர் எழுந்து, “அப்போ சாரே, ஒட்டகத்துலேர்ந்து இனி ஒண்ணும் வராதுன்னு உறப்பிச்சுச் சொல்லலாமோ?” என்று கேட்டார். நான் மறுபடி விஞ்ஞானியானேன். அப்படிச் சொல்ல முடியாது, மெர்ஸ் இருக்கவே இருக்கிறது, ஒட்டகங்களைத் தொடர்ந்து ஆராயத்தான் வேண்டும் என்றேன். இதிலும் ஒரு சொல் பொய் இல்லை.

மறுநாள் தலைப்பு இப்படி வந்தது: ஒட்டக வைரஸ், ஆய்வு தொடர வேண்டும் என்கிறார் விஞ்ஞானி. என் மன்னிப்பு உள்ளே எங்கோ இருந்தது. மேலே பழைய கோப்பிலிருந்து எடுத்த பெரிய படம்: துரை, அதன் கயிற்றைப் பிடித்தபடி தாடியோடு ஒரு குள்ளமான மனிதர். பெயர் போடவில்லை.

சில நாள் கழித்து அவர் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே அழைத்தும் வராமல் வாசற்படியில் நின்றார். தேநீர்க்கடைக்காரன்தான் படத்தை முதலில் அடையாளம் கண்டானாம். அடுத்த நாளிலிருந்து எந்தத் தாயும் குழந்தையைக் குதிரையில் ஏற்றவில்லையாம். இங்கே நிற்கவேண்டாம் என்று காவல்காரர் மரியாதையாகவே சொன்னாராம். குதிரையை ஒரு கல்யாண ஊர்வலக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். “நல்ல மனுசன். தழையும் புல்லும் பாத்துப் போடுவாரு” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மனைவி காப்பி கொண்டுவந்தாள். வாங்கி, நின்றபடியே குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளிடம், “அக்கா, ஒங்க வீட்டுக்காரரு நல்லவருதான். அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சாரே, நீங்க கெட்டது செஞ்சப்பம் எனக்கு ஒரு ஒட்டகம் போச்சு. நல்லது செஞ்சப்பம் குதிரையும் போச்சு. இனிமே எனக்கு நல்லது ஒண்ணும் செஞ்சிராதீங்க. கும்பிட்டுக் கேக்கேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கேலி அல்ல அது. களைத்துப்போனவனின் சிரிப்பு.

எங்கே போகப்போகிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று உறைத்தது.

“அத மட்டும் சொல்ல மாட்டேன் சாரே. கோவிச்சுக்கிடாதீங்க” என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். எங்கள் தெரு ஒரு பக்கம் கோவிலை நோக்கியும் மறுபக்கம் பெரிய சாலையை நோக்கியும் போகும். சாலைப் பக்கம் போனால் ரயில் நிலையம், கோவில் பக்கம் போனால் கடலோரப் பேருந்துகள். வாசல்வரை வந்த நான், அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன்.